புயலுக்கு வெட்டிய வாய்க்கால்

ஐஸ் கம்பெனிக்கு இனிமேல் காப்பீடு கிடையாது என்ற கடிதம் ஆடி மாதத்தில் வந்தது. இலக்கியா அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கடலரண் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனாள். பதினோரு வருஷம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவள். மணல்மேட்டுத்துறையில் இருந்த தொண்ணூறு விசைப்படகுகளுக்கும் ஐஸ் கொடுத்தது அவளும் அவள் கணவன் ஜெகதீசும் நடத்திய அந்த ஒரே கம்பெனிதான்.

கிளை மேலாளர் நிரஞ்சன் எழுந்து நின்று வரவேற்றான். காபி வரவழைத்தான்.

"உங்க மேல எந்தக் குறையும் இல்லை மேடம். உங்க பின்கோடையே பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. இனிமே உங்க ஊர்ல வீடு, படகு, கடை எதுக்குமே பாலிசி போட முடியாது."

"ஏன்?"

"ரிஸ்க் ஜாஸ்தின்னு மேலே முடிவு பண்ணியிருக்காங்க."

"பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவைகூட நஷ்டஈடு கேட்டதில்லையே."

"தெரியும் மேடம். அதுக்காக உங்களுக்குத் தனியா ஒரு நன்றிக் கடிதம் வரும்."

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே சொன்னான். இலக்கியா காபியைத் தொடாமல் எழுந்துவந்தாள்.

ஜெகதீஷ் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடு இலக்கியா. கடல்ல மிதவை நிக்குது. அதுல நம்ம சந்துருவே நிக்கிறான். அக்கா வீட்டுப் பக்கம் புயலை வர விட்டுடுவானா?" என்று சிரித்தான்.

சந்துரு இலக்கியாவின் தம்பி. புயல் திசைமாற்று வாரியத்தின் குளிர்மிதவை ஒன்றில் பம்ப் ஆபரேட்டர். ஆறு வருஷமாக வங்கக் கடலில் அப்படி அறுபது மிதவைகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இரும்புத் தெப்பம். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை இறைத்துக் கடலின் மேல் பரப்பில் கொட்டும். சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. கடல் குளிர்ந்த பக்கம் புயல் போகாது, விலகிவிடும். சின்ன வயதில் அப்பாவோடு படகில் போன பையன் இப்போது புயலையே திருப்புகிறான் என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் புயல் சின்னம் உருவானது. நூற்றைம்பது கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் எங்கு வேண்டுமானாலும் கரை கடக்கலாம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து, வடக்கே இருந்த துறைமுக நகரத்தின் பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிச் செய்தியில், நகரம் காப்பாற்றப்பட்டது, புயல் தெற்கே திருப்பப்பட்டுவிட்டது என்று வாரியம் அறிவித்தது. நகரத்தில் மக்கள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதே செய்தியின் கடைசியில், மணல்மேட்டுத்துறை மக்கள் நான்கு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று ஒரு வரி ஓடியது.

வெளியேற இருந்தது ஒரே சாலை. அதில் முதல் ஆலமரம் எட்டரை மணிக்கே விழுந்துவிட்டது. முந்நூறு பேர் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த மதில் ஐஸ் கம்பெனி. அங்கே அம்மோனியா டாங்கி இருந்தது. அதன் குழாய் பிய்த்துக்கொண்டால் பள்ளிக்குள் இருக்கும் முந்நூறு பேருக்கும் மூச்சு நின்றுவிடும். ஜெகதீஷ் இலக்கியாவிடம், "வால்வை மூடிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். மூடினான். திரும்பி வருவதற்குள் மேற்குச் சுவர் அவன்மேல் விழுந்தது.

ஊரில் மொத்தம் இருபத்தெட்டுப் பேர் செத்தார்கள். எண்பத்தோரு படகுகள் போயின. ஒருவருக்கும் எந்த நிறுவனமும் எதுவும் தர வேண்டியதில்லை.

சந்துரு ஒன்பதாம் நாள் வந்தான். ஜெகதீஷின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். இலக்கியா சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தட்டை நகர்த்தினான்.

"அக்கா, புயலை நாங்க சும்மா ஒரு பக்கமாத் தள்ளுறதில்லை. ரெண்டு பக்கமும் கடலைக் குளிரவச்சு, நடுவுல சூடா ஒரு வாய்க்கால் விடுவோம். புயல் அந்த வாய்க்கால்லயேதான் போகும். வேற எங்கயும் போகாது."

"சரி."

"கரைக்குப் பக்கத்துல கடைசி மிதவை எங்களோடது. அன்னிக்கு விடியக்காலையில வரைபடத்தைப் பார்த்தேன். வாய்க்காலோட வாய் நம்ம ஊர்."

இலக்கியா அவனையே பார்த்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட ஓடினேன். இது எங்க ஊர் சார்னு சொன்னேன். ஊரை எப்பவோ காலி பண்ணியாச்சு, போய் வேலையைப் பாருன்னான். மிதவையில ஏறும்போதே போனை வாங்கி வச்சுக்குவாங்க. எனக்கு வேற வழி தெரியலை. நான் பம்ப்பை ஓட்டினேன் அக்கா. பதினோரு மணி வரைக்கும் ஓட்டினேன்."

அவள் அவனை அடித்தாள். கன்னத்தில், தலையில், முதுகில், கை ஓயும்வரை அடித்தாள். அவன் தடுக்கவில்லை. பிறகு இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். மறுநாள் சந்துரு வேலையை விட்டு நின்றுகொண்டான்.

இலக்கியா அத்தோடு விடவில்லை. வாரியத்துக்கு ஏழு மனு போட்டாள். எட்டாவது மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்கே போய், வாரியத்தின் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பிற்பகல் முனைவர் வைதேகி என்ற விஞ்ஞானி கீழே இறங்கிவந்து அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். வாய்க்கால் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போடும் கணினி அவருடைய பொறுப்பில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். தூக்கம் கெட்ட முகம்.

"நீங்க கேட்கப்போறது எனக்குத் தெரியும்மா. ஏன் உங்க ஊர்னுதானே?"

"ஆமா."

"எந்த ஊர்னு நாங்க யாரும் தேர்ந்தெடுக்கிறதில்லை. கணினிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்போம். எந்த வழியா விட்டா இழப்பு குறைவு? அது ஒரு வழியைச் சொல்லும்."

"எங்க ஊர்ல இழப்பு குறைவா?"

"மிதவைக்கு ஆகிற செலவுல பெரும் பங்கு காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்குது. அதனால இழப்புன்னா, காப்பீடு செய்யப்பட்ட சொத்தோட மதிப்பு. அதைத்தான் கணினி கூட்டிப் பார்க்கும்."

"எங்களுக்குத்தான் ஆடி மாசமே காப்பீடு இல்லைன்னுட்டாங்களே."

"ஆமாம். அதனால உங்க ஊரோட மதிப்பு பூஜ்யம்."



"சரி, சொத்து பூஜ்யம். ஆளுங்க?"

"நாலு மணி நேரம் முன்னாடி எச்சரிக்கை கொடுத்தா எல்லாரும் வெளியேறிடுவாங்கன்னு ஒரு விதி இருக்கு. அதனால உயிரிழப்பும் பூஜ்யம்னு வரும்."

"எந்த ரோட்டு வழியா வெளியேறுவோம்னு உங்க கணினி நினைச்சுது? நீங்க அந்த ரோட்டைப் பார்த்திருக்கீங்களா?"

வைதேகி இல்லை என்று தலையசைத்தார். "அந்த நகரத்துல நாலு லட்சம் பேர்மா. மூணு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அதை நினைச்சுத்தான் நான் ராத்திரி படுக்கிறேன்."

"நல்லாப் படுங்க" என்றாள் இலக்கியா. "என் புருஷன் மூடின வால்வால முந்நூறு பேர் பிழைச்சாங்க. அவன் யார்கிட்டயும் மதிப்பு எவ்வளவுன்னு கேட்டுட்டு ஓடலை."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் கொதித்தது. நாலு லட்சம் பேர் என்ற சொல்லை மட்டும் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அதுதான் அவளை அதிகமாக எரித்தது.

சித்திரையில் நிரஞ்சன் ஊருக்கே வந்தான். கடலரண் நிறுவனம் புதிதாக ஒரு கூட்டுப் பாலிசி தொடங்கியிருந்தது. தனித்தனியாக யாருக்கும் கிடையாது. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே தொகையாகக் கட்டினால் ஊர் மறுபடியும் பட்டியலில் சேரும். பழைய தவணையைப் போல ஆறு மடங்கு.

ஊர்க்கூட்டம் மீன் ஏலக் கூடத்தில் நடந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி நிரஞ்சனை நேராகவே கேட்டார். "தம்பி, சுத்தி வளைக்காம சொல்லு. இதைக் கட்டினா புயல் வராதா?"

"அப்படி நான் எழுதிக் கொடுக்க முடியாதுங்க ஐயா. ஆனா உங்க ஊருக்கு ஒரு மதிப்பு வந்துடும்."

அவன் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. போன வருஷம் மகனைப் பறிகொடுத்த ஒருவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சந்துரு பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான்.

"நம்மகிட்டேருந்து திருப்பினா அது வேற யார் தலையிலயாவதுதான் விழும். வாய்க்கால்னா அதுக்கு ஒரு வாய் இருந்தே ஆகணும்."

எல்லோரும் இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொல்வதைக் கேட்கிற நிலையில் அப்போது ஊர் இருந்தது.

"விழட்டும்" என்றாள் அவள். "போன வருஷம் நமக்காக எவன் யோசிச்சான்? மிட்டாய் ஊட்டிக்கிட்டாங்க. நானும் இந்தத் தடவை வீட்டுல உக்காந்து டிவி பாக்கணும். எனக்கு அது போதும்."

ஊர் கட்டியது. இருந்த ஒன்பது படகில் நான்கை விற்றார்கள். பெண்கள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள். இலக்கியா பாதி கட்டியிருந்த ஐஸ் கம்பெனியின் மனையை அடமானம் வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டு, "மறுபடியும் வேலைக்குப் போ" என்றாள்.

"அக்கா, என்னால முடியாது."

"போடா. உள்ளே நம்ம ஆள் ஒருத்தன் இருக்கணும். வாய்க்கால் நம்ம பக்கம் திரும்பினா எனக்கு முதல்ல தெரியணும்."

அவன் போனான். சாப்பாட்டு டப்பாவின் அடியில் ஒரு சேட்டிலைட் போனை ஒளித்து எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வருஷப் புயல் கார்த்திகை முதல் வாரத்தில் வந்தது. கரை கடக்கும் நாளன்று காலை ஆறு மணிக்கு மணல்மேட்டுத்துறையில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் ஊரை நோக்கி வந்த புயல் வெற்றிகரமாகத் திசைமாற்றப்பட்டது. நிம்மதியாக இருங்கள்.' கடலரண் நிறுவனத்தின் செய்தி. தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். யாரோ ஒரு சரம் பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். இலக்கியாவும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஆறரைக்குச் சந்துரு கூப்பிட்டான்.

"நமக்கு இல்லை அக்கா. தெக்கே போகுது."

"தெரியும்டா. மெசேஜ் வந்துச்சு. எங்க?"

"உப்பாற்றுக்குடி."

முப்பது கிலோமீட்டர் தெற்கே உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊர். ஐஸ் கம்பெனிக்கு உப்பு அங்கிருந்துதான் வரும். அந்த ஊரில் மண் சுவர்களும் கீற்றுக் கூரைகளும்தான். ஒரு கான்கிரீட் கட்டடம் கிடையாது என்பது இலக்கியாவுக்குத் தெரியும்.

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"பன்னெண்டு மணிக்குச் சொல்வாங்க. நாலு மணிக்குக் கரை கடக்கும். விதிப்படி நாலு மணி நேரம்."

அவள் போனை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். இரண்டாவது சரம் வெடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டாசை யார் கொளுத்தியது என்று பார்த்து அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கொளுத்தியவன் போன வருஷம் அப்பாவைப் பறிகொடுத்தவன்.

ஐஸ் ஏற்றும் லாரியின் சாவியை எடுத்தாள்.

உப்பாற்றுக்குடிக்குள் லாரி நுழைந்தபோது மணி எட்டு. பெண்கள் வரப்பில் உப்பைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். மழைக்காகத்தான் மூடினார்கள், புயல் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. இலக்கியா லாரியிலிருந்து குதித்து, "எல்லாரும் கிளம்புங்க, புயல் இங்கதான் வருது" என்று கத்தினாள்.

சத்யகலா என்ற பெண் மண்வெட்டியோடு வந்தாள். உப்பளச் சங்கத்தின் தலைவி. இலக்கியாவுக்கு உப்பு வியாபாரத்தில் பழக்கம்.

"யாரு சொன்னா உனக்கு? இங்க வராது."

"என் தம்பி மிதவையில இருக்கான். வாய்க்காலோட வாய் உங்க ஊர். சத்தியமாச் சொல்றேன்."

"வராதுங்கிறேன்ல? நாங்க பணம் கட்டியிருக்கோம்."

இலக்கியாவுக்குப் புரியவில்லை. சத்யகலா தன் குடிசைக்குள் போய் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கடலரண் நிறுவனத்தின் கூட்டுப் பாலிசி. அதே கட்டம், அதே எழுத்து. அடியில் நிரஞ்சனின் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். மணல்மேட்டுத்துறை கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு நாள் பின்னால்.

"உங்க ஊருக்கு ஒரு மதிப்பு வந்துடும்னு சொன்னான்" என்றாள் சத்யகலா. "ரெண்டு வருஷக் கூலியை முன்பணமா வாங்கிக் கட்டினோம்."

இலக்கியா தொகையைப் படித்தாள். மணல்மேட்டுத்துறையின் மதிப்பில் பாதிகூட இல்லை. உப்பு மண்ணுக்கும் கீற்றுக்கும் அதற்குமேல் மதிப்புப் போட முடியாது என்று யாரோ முடிவுசெய்திருந்தார்கள்.

"எங்களுக்கும் இதேதான் வித்தான்" என்றாள். "நாங்க உங்களைவிட ஜாஸ்தி கட்டினோம். அதனால உங்க மேல விழுது."

சத்யகலா மண்வெட்டியைக் கீழே போட்டாள். "நாங்க ஜாஸ்தி கட்டியிருந்தா?"

"எங்க மேல விழுந்திருக்கும்."

இருவரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலம் நடந்திருக்கிறது. ஏலம் என்று தெரியாமலேயே இரண்டு ஊரும் தாலியையும் கூலியையும் வைத்து ஏலம் கேட்டிருக்கின்றன. தன் வாயால் 'விழட்டும்' என்று சொன்னது இலக்கியாவின் காதில் மறுபடியும் கேட்டது. சொன்னபோது எதிரே முகம் இருக்கவில்லை. இப்போது இருந்தது.

குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் லாரியில் ஏற்றி டிரைவரோடு அனுப்பினார்கள். லாரி தாண்டிய கொஞ்ச நேரத்தில், ஊருக்கு இருந்த ஒரே வழியான தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஏறிவிட்டது. ஊருக்குள் எழுநூறு பேர் மிச்சம். இலக்கியாவும் மாட்டிக்கொண்டாள்.

அவள் முதலில் கலியமூர்த்தியைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "மாமா, சந்துருகிட்ட பம்ப்பை நிறுத்தச் சொல்லப்போறேன். நிறுத்தினா வாய்க்கால் உடைஞ்சிடும். புயல் நம்ம ஊருக்கு வரும்" என்றாள்.



"ஏ புள்ள, ஊரைக் கூட்டிப் பணம் கட்ட வச்சது நீ. இப்ப நீ அங்க மாட்டிக்கிட்டே. அதனால சொல்றியா?"

"அதுவும் இருக்கு மாமா. எனக்குப் பயமா இருக்கு. ஆனா போன புயலுக்கு அப்புறம் சர்க்கார் கட்டின புயல் கட்டடம் நம்ம ஊர்ல இருக்கு. ரெண்டு மாடி, கான்கிரீட். எல்லாரும் உள்ள போயிடலாம். இங்க ஏறி நிக்க ஒரு மேடுகூட இல்லை. எழுநூறு பேர் இருக்காங்க."

"நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. போனை வை."

இருபது நிமிஷம் ஆனது. ஆண்கள் தார்ப்பாய்களைக் கிழித்துக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்கள், ஆட்களை ஒருவரோடு ஒருவர் கட்டிவைக்க. வாடைக்காற்று வலுத்து உப்புத்தூளை வாரி முகத்தில் அடித்தது.

போன் வந்தது. கலியமூர்த்திதான் பேசினார்.

"சண்டை போட்டுக்கிட்டாங்க. ரெண்டு பேர் என்னை அடிக்கவே வந்தாங்க. அப்புறம் பட்டாசு விட்ட அந்தப் பையன்தான் முதல்ல கட்டடத்துக்கு நடந்தான். பின்னாடியே எல்லாரும் போறாங்க. நிறுத்தச் சொல்லு."

சந்துரு முதல் மணியிலேயே எடுத்தான்.

"சந்துரு, பம்ப்பை நிறுத்து."

"அக்கா, நிறுத்தினா நம்ம ஊரு..."

"தெரியும். ஊரைக் கேட்டாச்சு. உன்னால முடியுமா, முடியாதா?"

அவன் போனை அணைக்கவில்லை. இரும்பு ஏணியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ அதட்டும் குரல். ஒரு கதவு சாத்தப்பட்டுத் தாழ் விழும் ஓசை. பிறகு, அதுவரை பின்னணியில் உறுமிக்கொண்டிருந்த பெரும் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றே போனது. கதவை உதைக்கும் சத்தத்தோடு இணைப்பு அறுந்தது.

இலக்கியா காற்றைக் கவனித்தாள். மீனவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது தெரியும். புயல் வடக்கே, தன் ஊர்ப்பக்கம் போனால் வாடை மாறி மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும். இரண்டு மணி ஆனது. காற்று மாறியது. ஆனால் மேற்கே திரும்பவில்லை. கிழக்கே திரும்பிக் கொண்டலாக அடித்தது. அவள் நம்பாமல் புடவைத் தலைப்பைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தாள். தலைப்பு நிலத்தின் பக்கமாகப் படபடத்தது.

"தெக்கே போகுது" என்றாள். "இன்னும் தெக்கே. எங்க ஊரும் இல்லை, உங்க ஊரும் இல்லை."

"தெக்கே என்ன இருக்கு? தில்லைக்காடுதான் இருக்கு" என்றாள் சத்யகலா.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த அலையாத்திக் காடு அது. சேறும் மரமும் நண்டும்தான், ஒரு குடிசை கிடையாது. புயல் அன்று மாலை அந்தக் காட்டுக்குள் நுழைந்து, மரங்களோடு முட்டி, வலுவிழந்து மழையாகக் கரைந்தது. உப்பாற்றுக்குடியில் கூரைகள் பறந்தன. முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. ஒருவரும் சாகவில்லை. மணல்மேட்டுத்துறையில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

சந்துருவை மிதவையிலிருந்தே கைதுசெய்து கொண்டுபோனார்கள்.

வழக்கு தை மாதத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டு ஊர்ப் பெண்களும் கூடம் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார்கள். உப்பாற்றுக்குடிக்காரர்கள் முன்வரிசையை மணல்மேட்டுத்துறைக்கு விட்டுக்கொடுத்தார்கள். கூண்டில் நின்ற சந்துரு மெலிந்திருந்தான். அவனுக்கு எதிராகக் கடலரண் நிறுவனத்தின் மூத்த வழக்கறிஞர் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, இந்த நபர் திட்டமிட்டு ஏற்படுத்திய இழப்பு சாதாரணமானதல்ல. தில்லைக்காட்டின் ஒவ்வொரு மரமும் எங்களிடம் காப்பீடு செய்யப்பட்டது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மரங்களுக்குக் காப்பீடா?"

"ஆமாம். அந்தக் காடு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. உலகம் முழுவதும் பல ஆலைகள் தாங்கள் வெளியிடும் புகைக்கு ஈடாக அந்த மரங்களுக்குப் பணம் கட்டியிருக்கின்றன. மரம் விழுந்தால் அத்தனை ஆலைக்கும் எங்கள் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடற்கரையில் மிக அதிக மதிப்புள்ள சொத்து அதுதான்."

"காட்டில் மனிதர்கள் யாராவது?"

"இல்லை. ஆனால் மதிப்பு..."

"புயலின் இயல்பான பாதை எதுவாக இருந்தது? மணல்மேட்டுத்துறையா?"

"இல்லை. பாதை தில்லைக்காடுதான். அந்தப் பக்கத்துக் கடல் நீரோட்டம் அப்படி. புயல்கள் இயல்பாகவே அங்கே இழுக்கப்படுகின்றன. அதனால்தான் இந்த ஏற்பாடே." வழக்கறிஞர் காகிதத்தைப் புரட்டினார். தன் கட்சிக்காரரின் உழைப்பை எடுத்துச்சொல்லும் பெருமிதம் அவர் குரலில் ஏறியது. "இந்த ஆண்டு மட்டுமல்ல, சென்ற ஆண்டுப் புயலும் அந்தக் காட்டை நோக்கித்தான் வந்தது. பெரும் பொருட்செலவில் எங்கள் நிறுவனம் அதை வடக்கே திருப்பிக் காட்டைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றிய சொத்தைத்தான் இந்த நபர்..."

அவர் நிறுத்தினார். கூடத்தில் ஏதோ மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் என்ன என்று தெரியவில்லை.

முன்வரிசையில் இலக்கியா எழுந்து நின்றிருந்தாள். நாலு லட்சம் பேர். மூன்று பெரிய ஆஸ்பத்திரி. ஒரு வருஷமாக அவள் எதிர்த்துப் பேச முடியாமல் விழுங்கிவைத்திருந்த சொற்கள். அந்த நகரத்துக்குப் புயல் போகவே இல்லை. போவதாகவும் இருக்கவில்லை. ஜெகதீசும் இருபத்தேழு பேரும் யாரையும் காப்பாற்றுவதற்காகச் சாகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிறுவனத்து ஆள் வழக்கறிஞரின் அங்கியைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னார்.

"கனம் நீதிபதி அவர்களே, சென்ற ஆண்டு பற்றி நான் சொன்னது இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது. அதைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தட்டச்சர் விரலைத் தூக்கிக்கொண்டு நீதிபதியைப் பார்த்தார்.

"நீக்கக் கூடாதுங்க ஐயா" என்றாள் இலக்கியா. கத்தவில்லை. ஆனால் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "அந்த ஒரு வரி எங்களுக்கு வேணும்."

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இரண்டு ஊரும் எழுந்து நின்றன.